ராசாத்தி மேசையின் ஜோடி விளக்கு

எந்த வீட்டில் தண்ணீர் கொடுத்தாலும், குடித்து முடித்ததும் டம்ளரைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பார்ப்பாள் ராசாத்தி. என் மகளின் காதுகுத்துக்கு வந்தவள் சீர்வரிசைத் தட்டில் இருந்த குங்குமச் சிமிழைக்கூட விடவில்லை. எடுத்தாள், திருப்பினாள், கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள், வைத்துவிட்டாள். அதைக் கொண்டுவந்த என் நாத்தனாருக்கு முகம் கறுத்துவிட்டது. "அவங்க வேலையே அதுதான் அண்ணி, கை சும்மா இருக்காது" என்று நான்தான் சமாளித்தேன். ராசாத்தியோ எதுவும் நடக்காதது போலப் பந்தியில் போய் உட்கார்ந்து, ரசத்தில் உப்பு குறைவு என்று சத்தமாகச் சொன்னாள். எனக்கு அவளைப் பிடித்துப்போனதற்கு அதெல்லாம்தான் காரணம்.

நாங்கள் இருவரும் வேலை பார்த்த கம்பெனி ஓசூர் சிப்காட்டின் கடைசித் தெருவில் இருந்தது. அதற்கு அப்பால் கொஞ்சம் பொட்டல், அதற்கும் அப்பால் கர்நாடகா. பெரிய கம்பெனி இல்லை. ஒரு ஆபீஸ் அறை, ஒரு டெஸ்டிங் அறை, இரண்டு நீளமான தகரக் கொட்டகைகள். அமெரிக்காவில் மூடிப்போன ஹோட்டல்கள், ஆள் செத்து ஏலத்துக்கு வந்த வீடுகள், இவற்றிலிருந்து பழைய கரண்டி, முள்கரண்டி, தட்டு, காபி கெட்டில் எல்லாம் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். அதிலிருந்து வெள்ளியைப் பிரித்து உருக்கிக் கட்டியாக்கி, சேலத்துக் கொலுசுப் பட்டறைகளுக்கு விற்பதுதான் எங்கள் முதலாளியின் தொழில். நான் கெமிஸ்ட்ரி படித்தவள் என்பதால் டெஸ்டிங் அறையில் இருந்தேன். ராசாத்தி முதல் கொட்டகையில் பிரிக்கிற மேசையில் இருந்தாள். அவள் வீட்டுக்காரர் வெள்ளைச்சாமி இரண்டாவது கொட்டகையில் உலையில் நின்றார்.

இருவரும் கோவில்பட்டிப் பக்கத்துக்காரர்கள். அவள் சிறுவயதில் தீப்பெட்டிக் கம்பெனியில் குச்சி அடுக்கியவள். குழந்தை இல்லை. அதற்காக ஊரில் ஆளாளுக்குப் பேசியது பொறுக்காமல்தான் இவ்வளவு தூரம் வந்துவிட்டதாக ஒருநாள் சொன்னாள். "இங்க பேசுதவுக கன்னடத்துல பேசுதாக, தெலுங்குல பேசுதாக. என்னத்தச் சொன்னாலும் நமக்குப் புரியாதுல்லா, நிம்மதி" என்று சிரித்தாள். சொந்த ஊரின் பேச்சுக்குப் பயந்து வந்த அந்த இரண்டு பேரில் ஒருவரைவிட்டால் மற்றவருக்கு யாருமில்லை. மத்தியானச் சாப்பாட்டை இரண்டு கொட்டகைக்கும் நடுவில் இருந்த வேப்பமரத்தடியில் ஒரே தூக்கில் இருந்து சாப்பிடுவார்கள். பார்க்கிற எங்களுக்குத்தான் வெட்கமாக இருக்கும்.

அவள் வேலையைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லவேண்டும். நம் ஊரில் பாத்திரத்தில் பெயர் இருந்தால் அது கொடுத்தவர் பெயர் அல்லது வைத்திருப்பவர் பெயர். மாமன் சீர் என்று தேதியோடு வெட்டியிருக்கும். அமெரிக்கச் சாமானிலும் முன்பக்கம் அப்படி வளைவு வளைவாக எழுத்து உண்டு. முதலில் ராசாத்தி அதையேதான் உற்று உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகுதான், அது அந்த வீட்டுக்காரர்களின் எழுத்து, அதற்கு இங்கே ஒரு மதிப்பும் இல்லை, பார்க்கவேண்டியது முதுகை என்று தெரிந்தது. முதுகில்தான் செய்தவன் முத்திரை இருக்கும். ஒருவன் சிங்கம், நங்கூரம், ஓர் எழுத்து என்று மூன்றையும் வரிசையாக அடித்திருப்பான். இன்னொருவன் கழுகு. இன்னொருவன் வட்டத்துக்குள் தன் பெயரை மட்டும். அந்த ஊரில் அரசாங்க முத்திரை என்று ஒன்று கிடையாது. செய்தவன் வாக்குத்தான். முத்திரைக்குப் பக்கத்தில் 'ஸ்டெர்லிங்' என்ற வார்த்தை இருந்தால் அது வெள்ளி, தொண்ணூற்றிரண்டரை டச், அதாவது நூற்றுக்கு அவ்வளவு பங்கு சுத்த வெள்ளி. ரொம்பப் பழைய கரண்டியாக இருந்தால் 'காயின்' என்று இருக்கும், அதுவும் வெள்ளிதான், டச் கொஞ்சம் கம்மி.

மற்றதெல்லாம் ஏமாற்று. சிலதில் '1847' என்று பெரிதாக அடித்திருக்கும். அது வருஷம் என்று நினைத்து வாயைப் பிளக்கக் கூடாது, அது ஒரு முலாம் சரக்கின் பெயர். ஹோட்டல் சாமானில் வெள்ளி என்ற சொல்லே முழுசாக இருக்கும், ஆனால் அதன் கூட 'பற்றவைத்தது' என்று இருக்கும். பற்றவைத்த இடத்தில் மட்டும்தான் வெள்ளி, மற்றதெல்லாம் நிக்கல் கலவை. முலாம் பூசினது ஒரு தொட்டி, வெள்ளி ஒரு தொட்டி. முலாம் ஆசிட்டுக்குப் போகும், வெள்ளி உலைக்குப் போகும்.

மூன்றாவதாக ஒரு தொட்டி இருந்தது. அதுதான் ராசாத்திக்கு உயிர். வெள்ளிக் கைப்பிடி போட்ட கத்திகளில், கைப்பிடி வெறும் கூடுதான். மேலே மெல்லிய வெள்ளித் தகடு, உள்ளே சிமெண்டோ குங்கிலியமோ அடைத்திருப்பார்கள். முத்திரை பொய் இல்லை, தகடு வெள்ளிதான். ஆனால் அதை அப்படியே உருகிக்கொண்டிருக்கிற வெள்ளிக்குள் போட்டால் உள்ளே இருக்கிற ஈரம் ஆவியாகி வெடிக்கும். மூசை என்று நாங்கள் சொல்கிற அந்தக் கறுப்புப் பானையில் கொதிக்கிறதெல்லாம் எதிரே நிற்கிறவன் மேல் வந்து விழும். ராசாத்தியும் வெள்ளைச்சாமியும் வேலைக்கு வருவதற்குக் கொஞ்சம் முன்னால் அப்படி ஒரு கத்திப்பிடி வெடித்து, உலையில் நின்ற ஆள் கை வெந்து ஊருக்குப் போய்விட்டான். அந்த ஆள் காலி செய்த இடத்தில்தான் வெள்ளைச்சாமியை நிறுத்தினார்கள். அதனால் கூடு சாமான் எல்லாம் மூன்றாவது தொட்டிக்குப் போகவேண்டும். சாயங்காலம், உடைக்கிற வேலைக்கு இருந்த மாதம்மாள் அதைக் கல்லில் வைத்துச் சுத்தியலால் உடைத்து, உள்ளே இருப்பதைக் கொட்டிவிட்டுத் தகட்டை மட்டும் வெள்ளித் தொட்டியில் போடுவாள்.

ராசாத்திக்கு இது முதல் நாளே சொல்லப்பட்டது. அவள் கண்ணுக்கும் கொதிக்கிற பானைக்கும் நடுவில் நிற்பது தன் புருஷன் என்று தெரிந்த பிறகு, அவளுக்குச் சாமானைக் கவிழ்க்காமல் இருக்க முடியவில்லை. முத்திரை பார்ப்பாள், கையில் தூக்கிப் பார்ப்பாள், காதருகே தட்டிப் பார்ப்பாள். சந்தேகம் வந்தால் டெஸ்டிங் அறைக்கு ஓடி வருவாள். "மேடம், இதக் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க, எனக்கு மனசு ஒப்பல." பெரும்பாலும் அவள் நினைத்ததுதான் சரியாக இருக்கும். சில சமயம் தப்பாகவும் இருக்கும். நானும் தப்புச் சொல்லியிருக்கிறேன். அதற்கெல்லாம் வெள்ளி கொஞ்சம் கெடும், முதலாளி கொஞ்சம் கத்துவார், அவ்வளவுதான்.

கொஞ்ச நாளில், ராசாத்தி மேசையில் இருந்து வந்த சாமானா, யோசிக்காமல் மூசையில் போடு என்று உலைக்காரர்கள் சொல்ல ஆரம்பித்தார்கள். சூப்பர்வைசர் குருமூர்த்தியும் அதையே சொன்னார். கெலமங்கலம் பக்கத்து விவசாயக் குடும்பத்து ஆள் அவர், நல்ல மனிதர், ஆனால் யாரையாவது பாராட்ட ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது. ராசாத்திக்குப் பெருமை பிடிபடவில்லை.

அந்தப் பெருமையில்தான் வெள்ளைச்சாமிக்குப் படிக்கச் சொல்லிக்கொடுத்தாள். மனிதர் பள்ளிக்கூடத்து வாசலையே மிதிக்காதவர். இவள் ஏழாவது வரை போனவள். வேப்பமரத்தடியில் சாப்பிட்டு முடித்ததும் ஒரு கரண்டியைக் கவிழ்த்து வைத்து, மண்ணில் குச்சியால் ஸ்டெர்லிங் என்ற அந்த வார்த்தையை எழுதுவாள். முதல் எழுத்து பாம்பு மாதிரி நெளியும், அடுத்தது தராசு மாதிரி நிற்கும் என்று அவள் சொல்லச் சொல்ல, அவர் பெரிய பரீட்சைக்குப் படிக்கிறவர் போல முகத்தை வைத்துக்கொள்வார். நாங்கள் சிரித்துக்கொண்டே போவோம்.

"எதுக்குடி இந்த வயசுல மனுசனைப் போட்டு வாட்டுற?" என்று ஒருநாள் கேட்டேன்.

"என் கண்ணு ஒரு நாளுன்னா ஒரு நாளு தப்பிரும் மேடம். அன்னைக்கு அவுக கண்ணு பாத்துக்கிடும்ல."

அவரும் கற்றுக்கொண்டுவிட்டார். அந்த ஒரே ஒரு வார்த்தையை. பஸ்ஸில் போகும்போது கடைப் பலகைகளில் அந்தப் பாம்பு எழுத்தைத் தேடிக் கண்டுபிடித்து, "இந்தா இருக்கு, இந்தா இருக்கு" என்று இவள் தோளைத் தட்டுவாராம். ராசாத்தி சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். அவ்வளவு சந்தோஷமாக ஒரு பெண்பிள்ளை சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

இரண்டாயிரத்து எட்டு. கரண்ட் கட் உயிரை எடுத்த வருஷம். ஓசூரில் எந்தக் கம்பெனிக்குப் போனாலும் ஆட்கள் வாசலில் உட்கார்ந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த காலம். எங்கள் உலைக்குக் காற்று அடிக்கிற ப்ளோயர் கரண்டில் ஓடுவது. கரண்ட் போனால் மூசையில் வெள்ளி உறைய ஆரம்பிக்கும். பாதி பானை உறைந்தால் மூசையே விரிசல் விட்டுவிடும். அதனால் கரண்ட் வந்ததும் எல்லோரும் தீப்பிடித்த மாதிரி ஓடுவார்கள். கையில் கிடைத்த வெள்ளியை அள்ளிப் போட்டு, பானையை நிரப்பி, அடுத்த முறை கரண்ட் போவதற்குள் ஊற்றி முடிக்கவேண்டும். குருமூர்த்தி தொண்டை வற்றக் கத்திக்கொண்டே இருப்பார்.

அந்தச் சமயத்தில் ஒரு புது லோடு வந்தது. வழக்கமான ஹோட்டல் சாமான் இல்லை, வீட்டுச் சாமான். அதில் ஒரு ஜோடி மெழுகுவத்தி விளக்கு இருந்தது. முழங்கை உயரம், இடுப்பு ஒடுங்கி, அடி அகன்று, மேலே மெழுகுவத்தி சொருக ஒரு கிண்ணம். நம் வீட்டுக் குத்துவிளக்கைப் பார்ப்பது போலவே இருந்ததால் மேசையில் இருந்த பெண்கள் எல்லோரும் வேலையை விட்டுவிட்டுப் பார்க்க வந்துவிட்டார்கள். சத்தம் கேட்டு நானும் போனேன்.

ராசாத்தி ஒன்றைக் கவிழ்த்தாள். அடி விளிம்பில் செய்தவன் முத்திரை, ஒரு மான் தலை. அதற்குப் பக்கத்தில் ஸ்டெர்லிங். அதற்கும் பக்கத்தில், அழுக்கு அடைத்துக்கொண்டு, பொடி எழுத்தில் இன்னொரு வார்த்தை. முந்தானையால் துடைத்துவிட்டு ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினாள். "வெயிட்டட். உள்ள எடை அடைச்சிருக்கான் மேடம். சாயாம நிக்கணும்னு சிமெண்ட ஊத்தியிருப்பான்." தட்டிப் பார்த்தாள். மொத்தென்று சத்தம் வந்தது. மூன்றாவது தொட்டிக்குப் போகவேண்டிய சாமான் என்பதில் அவளுக்கும் சந்தேகம் இல்லை, எனக்கும் இல்லை.

மூன்றாவது தொட்டிக்குக் கொண்டுபோகத் திரும்பியவளை மாதம்மாள்தான் தடுத்தாள். தளிப் பக்கத்திலிருந்து வருகிறவள். தினமும் தலை நிறைய ரோஜா வைத்துக்கொண்டு வந்து சுத்தியல் பிடிக்கிறவள்.

"ஐயோ கண்ணு, அத எங்கிட்டப் போடாத. வெள்ளிக்கெழம அதுவுமா வெளக்க எப்படி ஒடைக்கறது? நான் மாட்டன்."

"நம்ம வெளக்கு இல்லியே இது, வெள்ளக்காரன் வெளக்கு" என்றாள் ராசாத்தி. ஆனால் சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது.

"யாரு வெளக்கா இருந்தா என்ன, வெளக்கு வெளக்குதான். நாளைக்கி ஒடைச்சிக்கலாம். எங்கியும் ஓடிப்பூடாது."

யாரும் மறுத்துப் பேசவில்லை. எப்படிப் பேசுவது? அன்று காலையில்தான் குருமூர்த்தி மெஷினுக்கெல்லாம் பொட்டு வைத்துச் சூடம் காட்டியிருந்தார். வெள்ளிக்கிழமை விளக்கை உடைக்கிறவள் எந்த வீட்டில் இருக்கிறாள்? உடைந்த விளக்கைப் பார்த்தாலே வீட்டுக்கு ஆகாது என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாங்கள். ராசாத்தி இரண்டு விளக்கையும் தொட்டியில் போடவில்லை. போட்டால் அவசரத்தில் வேறு யாராவது உடைத்துவிடுவார்கள் என்று, தன் மேசையின் ஓரத்திலேயே நிமிர்த்தி வைத்தாள். படுக்கப் போடக்கூட அவளுக்கு மனசு வரவில்லை. அதுதான் அவள் செய்தது. அதைத் தப்பு என்று இன்றுவரை என்னால் முழுசாகச் சொல்ல முடியவில்லை. சொல்ல முடியாததுதான் என் வயிற்றெரிச்சல்.

மத்தியானம் கரண்ட் போனது. எல்லோரும் சாப்பிடக் கலைந்தார்கள். ராசாத்தி கை கழுவக் குழாயடிக்குப் போயிருந்தாள். அப்போது பார்த்துக் கரண்ட் நேரத்துக்கு முன்பே வந்துவிட்டது. "மூசை உறையுது, போடுங்கடா, போடுங்க" என்று குருமூர்த்தி கத்தியது எனக்கு டெஸ்டிங் அறை வரை கேட்டது. வெள்ளித் தொட்டி காலியாக இருந்திருக்கிறது. வெள்ளைச்சாமியே முதல் கொட்டகைக்கு ஓடிவந்தார். ராசாத்தி மேசையின் ஓரத்தில் இரண்டு விளக்கு நிற்கிறது. அவர் சும்மா எடுத்துக்கொண்டு ஓடவில்லை. கூட இருந்த ஆள் அதைப் பார்த்துவிட்டு எங்களிடம் சொன்னான். மனைவி சொல்லிக்கொடுத்தபடி ஒன்றைக் கவிழ்த்திருக்கிறார், அடி விளிம்பில் விரலை வைத்து எழுத்தெழுத்தாகப் படித்திருக்கிறார். படிக்கத் தெரிந்த வார்த்தை இருந்தது. சிரித்திருக்கிறார்.

வெடித்த சத்தம் பெரிதாக ஒன்றும் இல்லை. கதவை அறைந்து சாத்தினால் வருமே, அவ்வளவுதான். அதன் பிறகு வந்த சத்தம்தான். அதை எழுத எனக்குத் தெம்பு இல்லை.

ராசாத்தி ஈரக் கையோடு ஓடினாள். உலையைப் பார்க்கவில்லை, புருஷனைப் பார்க்கவில்லை. முதலில் தன் மேசையைத்தான் பார்த்தாள். ஓரம் காலியாக இருந்தது. அந்த ஒரு பார்வையிலேயே அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அதன் பிறகு அவள் கத்தவில்லை, மயங்கவில்லை. கம்பெனி ஜீப்பில் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெங்களூர் போகிற வழியில் அத்திப்பள்ளி தாண்டி நெரிசலில் வண்டி நின்றபோது, நான் இறங்கி முன்னால் போய், தெரிந்த மொழியில் எல்லாம் கெஞ்சி வழி விடச் சொன்னேன்.

பெங்களூர் ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றினார்கள். முகத்திலும் கழுத்திலும் இடது கையிலும் தோல் போனது. கண் இரண்டும் போனது. டாக்டர் அதை இங்கிலீஷில் என்னிடம் சொன்னார், நான் தமிழில் அவளிடம் சொல்லவேண்டியிருந்தது. படித்ததற்கு எனக்குக் கிடைத்த வேலை அது.

கட்டோடு படுத்திருந்த வெள்ளைச்சாமி வருகிறவர்களிடம் எல்லாம் ஒன்றையே சொன்னார். "என் மேலதான் தப்பு. பக்கத்துல இன்னொரு வார்த்தை இருந்திருக்கு. நான் பாக்கல. இவ மேசையில இருந்தா கேக்கவா வேணும்னு எடுத்துட்டேன். பாவம், இவளுக்குக் கெட்ட பேரு." கேட்கக் கேட்க ராசாத்தி சுருங்கிக்கொண்டே போனாள். சோறு இறங்கவில்லை அவளுக்கு. கடைசியில் ஒருநாள், நான் இட்லி கொண்டுபோயிருந்தபோது, பொறுக்கமுடியாமல் சொல்லிவிட்டாள்.

"நீங்க தப்புப் பண்ணல. நான்தான் அத ஒடைச்சிருக்கணும்."

"எத?"

"அந்த வெளக்க. உள்ள சிமெண்ட் இருக்குன்னு எனக்குத் தெரியும். படிச்சேன். தெரிஞ்சுதான் ஓரமா வச்சேன்."

கட்டுக்குள் இருந்த முகத்தில் என்ன ஓடியது என்று பார்க்க வழியில்லை. நான் இட்லிப் பொட்டலத்தைப் பிரிப்பதா மடிப்பதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

"பெறகு ஏன் ஒடைக்கல?"

"வெள்ளிக்கெழம."

"ஓ" என்றார். பிறகு, மிக நிதானமாக, "அதானே. வெள்ளிக்கெழம வெளக்க யாரு ஒடைப்பா? நான்னா மட்டும் ஒடைக்க விட்டிருப்பனா?" என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். "நீ ஒடைக்காம மரியாதையா நிப்பாட்டி வச்சேல்ல, அதனாலதான் புள்ள என் உசுராவது தப்புச்சு. நாம வெளக்கக் கைவிடல, அது நம்மளக் கைவிடல" என்றும் சொன்னார்.

ராசாத்தி எழுந்து வெளியே வந்துவிட்டாள். பின்னாலேயே போன என்னைத் தாழ்வாரத்தில் பிடித்துக்கொண்டாள். கையை இறுக்கியதில் என் வளையல் உடைந்தது.

"என்னத் திட்டச் சொல்லுங்க மேடம். ஒரு வார்த்த. ஒரே ஒரு வார்த்த. செத்துப் போடின்னு சொல்லச் சொல்லுங்க. நான் தாங்கிக்கிடுவேன். இதத் தாங்க முடியலயே."

ஒரு கன்னடத்து நர்ஸ் வந்து சத்தம் போடாதீர்கள் என்று சைகை காட்டிவிட்டுப் போனாள். ராசாத்தி அதற்குப் பிறகு என் முன்னால் அழவே இல்லை. அழுதிருந்தால் எனக்காவது நிம்மதியாக இருந்திருக்கும்.

கம்பெனியில் விசாரணை நடந்தது. இன்ஸ்பெக்டர் வந்தார், உலையைப் பார்த்தார், தொட்டிகளைப் பார்த்தார், டீ குடித்தார். தொழிலாளியின் கவனக்குறைவு என்று முடிந்தது. குருமூர்த்தி அவர்கள் வீட்டுக்குப் போய்த் தரையில் உட்கார்ந்து அழுதார். திரும்பி வந்து, விளக்கு எந்த நாளில் வந்தாலும் அன்றைக்கே உடைக்கவேண்டும் என்று தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் சுவரில் எழுதி வைத்தார். இதை முன்னாலேயே எழுதியிருந்தால் என்னய்யா என்று நான் அவரைப் பிடித்து உலுக்கிவிட்டேன். "எனக்கும் தோணலயே மேடம், எனக்கும் தோணலயே" என்றார். அவருக்கும்தான் எப்படித் தோன்றும்? மாதம்மாள் இப்போது வெள்ளிக்கிழமையும் உடைக்கிறாள். ரோஜாவைக் கழற்றி வைத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, வாய்க்குள் எதையோ முணுமுணுத்தபடி அடிக்கிறாள்.

ராசாத்தி கம்பெனிக்கு வரவில்லை. பாகலூர் சாலையில் பசுமைக்குடிலில் ரோஜா வளர்த்து வெளிநாட்டுக்கு அனுப்புகிற பண்ணையில் பூ பிரிக்கிற வேலைக்குச் சேர்ந்தாள். சாயங்காலம் வீடு திரும்பிவிடலாம், புருஷனைப் பார்த்துக்கொள்ளலாம். பக்கத்து வீட்டு மங்கம்மா பகலில் அவருக்குத் துணை. இப்போதெல்லாம் ராசாத்தி எதையும் கவிழ்த்துப் பார்ப்பதில்லை. என் வீட்டில் டம்ளரைக் கொடுத்தால் குடித்துவிட்டுக் கீழே வைத்துவிடுகிறாள். ஒருமுறை வேண்டுமென்றே அடியில் முத்திரை அடித்த புது வெள்ளி டம்ளரில் கொடுத்துப் பார்த்தேன். தொட்டதும் கையை எடுத்துவிட்டாள்.

போன ஆடியில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். ஒற்றை அறை, அதில் பாதியைக் கட்டில் அடைத்திருந்தது. வெள்ளைச்சாமி குளித்து, வேட்டி கட்டி, நெற்றியில் அவராகவே தடவி வைத்த விபூதியோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். காயம் ஆறிவிட்டது. ஆறினால் மட்டும் என்ன. என் குரலைக் கேட்டதும் கையைக் கூப்பினார். ராசாத்தி அப்போதுதான் வேலையிலிருந்து வந்து காபி போட்டுக்கொண்டிருந்தாள். கொடுத்தாள், மூவரும் குடித்தோம், ஊர்க் கதை பேசினோம்.

வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. பக்கத்து வீட்டில் மங்கம்மா மணி அடிக்கிற சத்தம் கேட்டது. வெள்ளைச்சாமி தலையை நிமிர்த்தினார்.

"வெளக்கு ஏத்திட்டியா புள்ள?"

நான் சாமி படம் இருந்த பக்கம் பார்த்தேன். படம் இருந்தது. அதற்கு முன்னால் இருந்த பலகையில் விளக்கே இல்லை. எண்ணெய்க் கறை வட்டமாக இருந்தது, அதன் மேலும் தூசி படிந்திருந்தது. அந்த வீட்டில் விளக்கு எரிந்து எத்தனையோ நாளாகியிருக்க வேண்டும். ராசாத்தி என்னைப் பார்த்தாள். சொல்லாதே என்றுகூட அந்தப் பார்வையில் இல்லை.

"ஏத்திட்டேங்க" என்றாள்.

அவர் எழுந்து, கட்டிலைப் பிடித்தபடி அந்தத் திசைக்குத் திரும்பி நின்று, மனதார ஒரு கும்பிடு போட்டார். உட்காரும்போது மூக்கை ஒருமுறை உறிஞ்சினார். இன்னொரு முறை ஆழமாக இழுத்தார். முகம் வாடிவிட்டது.

"எண்ணெ வாசமே தெரிய மாட்டேங்குதே. மூக்கும் போயிருச்சா எனக்கு?"

"அதெல்லாம் வந்துரும்ங்க" என்றாள் ராசாத்தி. காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள்.